ஏழு பேருக்குக் காய்ச்சல்

முப்பத்தோராவது பிள்ளையும் தடங்கலில்லாமல் வாசித்து முடித்தபோது அவருக்குக் கொட்டாவி வந்தது.

வட்டாரக் கல்வி அலுவலர் வகுப்பறையில் கொட்டாவி விடக் கூடாது. கைக்குட்டையால் வாயை மறைத்துக்கொண்டார்.

இந்த வாரத்தில் இது நான்காவது பள்ளி. ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி என்று வெளியே பலகை இருக்கும். உள்ளே போனால் புதுச் சுண்ணாம்பு வாசனை அடிக்கும். மேசையில் ஒரு ரோஜாப்பூ இருக்கும். எல்லாப் பிள்ளைகளும் வாசிப்பார்கள்.

ஆய்வு நாளில் இந்த வட்டாரத்தில் வாசிக்கத் தெரியாத பிள்ளையே கிடையாது.

ஆறு, ஏழு, எட்டு. மூன்று வகுப்பும் சேர்த்து முப்பத்தெட்டுப் பேர். வந்திருந்தது முப்பத்தொரு பேர். மற்ற ஏழு பேருக்கும் காய்ச்சல் என்று தலைமையாசிரியை ஞானசுந்தரி சொன்னார். சொல்லும்போது வருகைப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அலுவலர் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும். பதில் வந்தால் எழுத வேண்டும். முழங்கால் வேறு காலையிலிருந்து வலித்துக்கொண்டிருந்தது.

சாப்பாட்டு மணி அடித்தது.

ஆய்வுக்கு வருகிறவர் சத்துணவை ருசி பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். சமையலறை வாசலில் நின்று ஒரு வாய் சாம்பார் சாதம் சாப்பிட்டார். உப்பு கொஞ்சம் கூடுதல். அதையும் அவர் சொல்லவில்லை.

அப்போதுதான் ஏழு பேர் வந்தார்கள்.

சீருடையில்தான் வந்தார்கள். கையில் தட்டு இருந்தது. யாருக்கும் காய்ச்சல் இருப்பதாகத் தெரியவில்லை. ஒருவன் ஓடியே வந்தான்.

ஞானசுந்தரி டீச்சர் எல்லாவற்றையும் யோசித்திருந்தார். சுண்ணாம்பு, ரோஜா, எந்தப் பிள்ளைக்கு எந்தப் பாடம் என்பது வரைக்கும். முட்டையை மறந்துவிட்டார். வகுப்புக்கு வராதே என்றால் கேட்டுக்கொள்ளும் பிள்ளை, முட்டைக்கு வராமல் இருக்குமா?

வரிசையில் கடைசியாக நின்ற பெண்ணை அலுவலர் கூப்பிட்டார். பெயர் கார்த்தீஸ்வரி, ஏழாம் வகுப்பு. காலையில் ஏன் வரவில்லை என்று கேட்டார்.

“எனக்கு வாசிக்க வராது சார். வாசிக்க வராதவங்களுக்கெல்லாம் இன்னிக்கு லீவு.”

கூச்சமில்லாமல் சொன்னாள். எல்லாப் பள்ளியிலும் இப்படித்தான் என்று நினைத்திருப்பாள்.

அவருக்குக் கோபம் வந்தது. இப்படிக் கோபம் வந்து வருடக்கணக்காகிவிட்டது. கையைக்கூடக் கழுவாமல் தலைமையாசிரியை அறைக்குப் போய் உட்கார்ந்தார்.

டீச்சர் பின்னாலேயே வந்தார். அழவில்லை, கெஞ்சவும் இல்லை. பீரோவிலிருந்து ஆய்வுப் பதிவேட்டை எடுத்து, போன வருடத்துப் பக்கத்தைத் திருப்பி அவர் முன்னால் வைத்தார்.

பச்சை மை. அவருடைய கையெழுத்து.

வாசிக்கத் தெரியாதவர்கள் என்று ஒன்பது பெயர்கள். இரண்டு பேர் எட்டாம் வகுப்பு முடித்துப் போய்விட்டார்கள். மீதி ஏழு பேரும் இப்போது வெளியே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இவர்களால் பள்ளியின் தரம் குறைகிறது என்று கீழே ஒரு வரி இருந்தது.

அந்த ஒன்பதில் ஒரு பெயர்கூட அவருக்கு நினைவில்லை.

“ஆள் போடுங்கன்னு நாலு தடவை எழுதிட்டேன் சார். வந்தது மெமோதான்” என்றார் டீச்சர். மூன்று வகுப்புக்கும் எல்லாப் பாடத்தையும் அவர் ஒருவரே எடுத்துக்கொண்டிருந்தார்.

கார்த்தீஸ்வரி தட்டோடு வாசலில் வந்து நின்றாள். கூப்பிட்டுக் கேட்டவர் பாதியில் போனதால், தானும் வர வேண்டும் என்று நினைத்துவிட்டாள். முட்டையை இன்னும் தொடவில்லை.

அலுவலர் ஒரு புத்தகத்தைக் கொடுத்தார்.

வாசித்தாள். விரலை வைத்து, எழுத்தெழுத்தாக. ஒரு வரிக்கு வெகுநேரம் ஆனது. ஆனாலும் அந்த வரியை முடித்தாள்.

போன வருடம் இவளுக்கு எழுத்தே தெரியாது என்று டீச்சர் தணிந்த குரலில் சொன்னார்.

படிவத்தில் அதற்கு இடமில்லை. தெரியும், தெரியாது. இரண்டே கட்டம்தான். தெரியாது என்ற கட்டத்தில் பெயர்களை எழுத வேண்டும். அவர் பேனாவைத் திறந்தார்.

“சார், எம்பேரை மட்டும் எழுதிராதீங்க. எழுதுனா அடுத்த தடவை முட்டைக்கும் விடமாட்டாங்க.”

டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அலுவலருக்கு வெட்கமாக இருந்தது. எழுதினால் டீச்சருக்கு இன்னொரு மெமோ வரும், இவள் இன்னொரு ஆய்வுக்கு வீட்டில் இருப்பாள். எழுதாவிட்டால் இவள் வாசிக்கத் தெரிந்தவள். வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் இருக்கும் பள்ளிக்கு ஆள் போட மாட்டார்கள்.

அவள் தட்டைப் பிடித்துக்கொண்டு பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கட்டத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டார். அப்படிப் போட்டால் ஒருவரும் இல்லை என்று பொருள். கீழே கையெழுத்திட்டு, தேதி போட்டார்.

கார்த்தீஸ்வரி எட்டிப் பார்த்தாள். எழுத்து எதுவும் இல்லை என்பது அவளுக்கே தெரிந்தது.

“தேங்க்ஸ் சார்” என்றாள்.

முட்டையைத் தின்றுவிட்டு, தட்டைக் கழுவிக்கொண்டு, வீட்டுக்குப் போனாள். மத்தியானமும் அவளுக்கு லீவுதான்.