செவிச்செல்வரின் காதடைப்பான்

உள்ளங்கையில் இரண்டு ஜோடி.

அவர் ஒன்றை இடது காதில் பொருத்தி, நிலைக்கண்ணாடியில் பக்கவாட்டில் பார்த்தார்.

முகம் சுளித்தார்.

வெள்ளை ரப்பர். நடுவே ஒரு சின்ன வடிகட்டி. சத்தத்தை மட்டும் குறைக்கும் சார், பாட்டைக் கெடுக்காது என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். சொல்லாதது ஒன்று. அதன் காம்பு காதுக்கு வெளியே துருத்திக்கொண்டு நின்றது.

காது மெஷின் மாதிரி.

இதைப் போட்டுக்கொண்டால் பாட்டு கேட்கும். ஆனால் காது கேட்காதவர் என்று மயிலாப்பூர் முழுக்கச் சொல்லும்.

மற்றது நுரைப்பஞ்சு. தோல் நிறம். உருட்டித் திணித்தால் உள்ளே போய் உப்பி அடைத்துக்கொள்ளும். வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே ஒன்றும் கேட்காது.

டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வலது காது போனது போனதுதான். இடதையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள். ஸ்பீக்கருக்கு நேர் எதிரே உட்காராதீர்கள்.

டாக்டருக்கு என்ன தெரியும்.

ஸ்பீக்கருக்கு நேர் எதிரே இருப்பதற்குப் பெயர்தான் முதல் வரிசை. பத்து வரிசை பின்னால் போனால் சத்தம் பாதியாகும். மரியாதை அந்த அளவுகூட மிஞ்சாது.

அதுவும் இன்றைக்கா? கச்சேரி முடிந்ததும் சபா அவருக்குப் பட்டம் தருகிறது.

செவிச்செல்வர்.

மனைவி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"ஒண்ணு பாட்டுக்கு. ஒண்ணு பார்வைக்கு. இதுல என்னன்னா யோசனை? என்னிக்கும் போல ரெண்டாவதையே எடுத்துக்கோங்கோ."

எடுத்துக்கொண்டார்.

சபாவில் புது ஸ்பீக்கர்கள். பீரோ உயரம். செயலாளர் அவற்றுக்கு மாலை போட்டிருந்தார். பாடகருக்கு இனிமேல்தான்.

பக்கத்து நாற்காலியில் விமர்சகர் ஆராவமுதன். எந்தப் பாடகர் எந்த ஸ்வரத்தில் மயிரிழை கீழே இறங்கினார் என்று பத்திரிகையில் எழுதுகிறவர். இருவரும் கைகூப்பிக்கொண்டார்கள். பேசிக்கொள்ளவில்லை. ஞானஸ்தர்கள் கச்சேரிக்கு முன் பேசுவதில்லை.

விளக்கு மங்கியதும் செவிச்செல்வர் காதைச் சொறிவது போல வேலையை முடித்தார். வலதிலும் ஒன்று. போன காதுக்கு எதற்கு என்று கேட்கக் கூடாது. ஜோடியாக வாங்கியது.

அன்றைக்குக் கச்சேரி முழுக்க ஒரே பல்லவிதான். பாடகர் வாயைத் திறந்தார்.

திறந்தது தெரிந்தது. அவ்வளவுதான். மிருதங்கம் மட்டும், பக்கத்துத் தெருவில் யாரோ மெத்தையைத் தட்டிக் காயவைப்பது போல, எப்போதாவது வந்தது.

பயப்பட ஒன்றுமில்லை. அவர் கண்களை மூடிக்கொண்டார். பெரிய ரசிகர்கள் அப்படித்தான் கேட்பார்கள்.

ஒரு கண்ணை மட்டும் நூலளவு திறந்து வைத்துக்கொண்டார்.

அதில் ஆராவமுதனின் தொடை தெரிந்தது. தொடை மேல் கை. தட்டு, விரல், வீச்சு. அந்தக் கை போனபடி இந்தக் கையும் போனது. நடுநடுவே தலையை ஆட்டினார். இரண்டு முறை "ஆஹா" என்றார். இரண்டு முறையும் ஆராவமுதனின் தலை உடனே ஆடியது.

சரியான இடத்தில்தான் சொல்லியிருக்கிறோம்.

இந்த சபாவில் ஒரு வழக்கம் உண்டு. பாட்டு முடிந்ததை முடிவு செய்வது பாடகர் அல்ல, முதல் வரிசை. அங்கே தாளம் நின்று கைகள் தட்டிய பிறகுதான் அரங்கம் தட்டும். முந்திக்கொண்டு தட்டுகிறவனை, லீவுக்கு வந்த அமெரிக்க மாப்பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள்.

பாட்டு முடிந்தது.

யாரும் தட்டவில்லை.

முதல் வரிசையில் இரண்டு கைகள் போய்க்கொண்டிருந்தன. தட்டு, விரல், வீச்சு.

இரண்டாம் வரிசை அதைப் பார்த்தது. இன்னும் ஏதோ இருக்கிறது. நமக்குப் பிடிபடவில்லை. நிறுத்திய கைகளை மறுபடி தொடைக்குக் கொண்டுபோனது. மூன்றாம் வரிசை இரண்டாவதைப் பார்த்தது.

அரங்கமே தாளம் போட்டது. அந்த மௌனத்தில் ஓர் அம்மாள் கண் கலங்கினார்.

செவிச்செல்வருக்கு ஏதோ உறுத்தியது. மெத்தைச் சத்தம் நின்று நேரமாகிறது. கண்ணைத் திறந்தார்.

பாடகர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வயலின் மடியில் சாய்ந்திருந்தது. ஓரத்தில் செயலாளர், பட்டுச் சால்வையோடும் பட்டத்தோடும்.

பக்கத்தில் திரும்பினார்.

ஆராவமுதனும் ஒரு கண்ணை நூலளவு திறந்திருந்தார். அந்தக் கண் இவர் கையின் மேல் இருந்தது.

ஆராவமுதனின் காதுக்குள் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ எட்டிப் பார்த்தது.

நிறம் பார்த்து வாங்கக்கூடத் தெரியாத மனுஷன்.

இப்போது ஆராவமுதனின் பார்வை மெல்ல மேலே ஏறியது. கையிலிருந்து தோளுக்கு. தோளிலிருந்து காதுக்கு. அங்கேயே நின்றது. தோல் நிறம்தான். ஆனால் கண்ணாடியில் பார்த்தது ஒரு முழத் தூரத்திலிருந்து. இது அரை முழம்.

இருவர் கைகளும் நிற்கவில்லை.

முதலில் நிறுத்துகிறவனுக்குத்தான் கேட்கவில்லை என்று ஆகும்.

தட்டு. விரல். வீச்சு.

மேடையில் பாடகர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நெற்றியைத் துடைத்தார். வயலின்காரரிடம் குனிந்து ஏதோ கேட்டார். வயலின்காரர் உதட்டைப் பிதுக்கினார்.

பாடகர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பல்லவியை மறுபடி எடுத்தார்.