ரிவர்ஸ் விழவில்லை

கர்ர்ர்ரென்று அந்தச் சத்தம் கிளம்பியதும் மொத்த மைதானமும் திரும்பிப் பார்த்தது.

இரும்பை இரும்பு கடிக்கிற சத்தம். சாசேஜ் சுட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட முகத்தைச் சுளித்தார்கள்.

இறுதிச் சுற்றில் சற்று முன்புதான் முதலாவதாக வந்த சிவப்புக் கார், ரிவர்ஸ் விழாமல் வழியை அடைத்துக்கொண்டு நின்றது.

"அக்கா, போடாதே. கியர் பல்லு போயிடும்" என்று கத்திக்கொண்டே ஓடினான் தானெலி.

ஓட்டி வந்த ஹில்க்கா நிதானமாக ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

"நீ மாட்டின கியர் பாக்ஸ்தானேடா?"

சுருக்கென்றது. ஆமாம், அவன் மாட்டியதுதான். உடைப்புக் கடையில் கிடந்த வேறொரு காரிலிருந்து கழற்றி, போன வாரம் அவனே மாட்டியது.

பின்லாந்தின் இந்தப் பந்தயத்தில் ஒரு விதி உண்டு. காசைக் கொட்டி யாரும் ஜெயித்துவிடக் கூடாது என்பதற்காக, பந்தயம் முடிந்த அரை மணி நேரத்துக்கு எல்லாக் கார்களும் விற்பனைக்கு. எல்லாவற்றுக்கும் ஒரே விலை, ஒரு நல்ல சைக்கிளின் விலை. வாங்க விரும்புகிற யார் வேண்டுமானாலும் பேர் எழுதிச் சீட்டுப் போடலாம்; குலுக்கலில் வந்தவருக்குக் கார். தர மாட்டேன் என்றால் லைசென்ஸ் போய்விடும்.

போன வருடக் காரை, இவர்களோடு பந்தயம் ஓட்டும் ரைமோ இப்படித்தான் தட்டிக்கொண்டு போனான். அதற்கு முந்தைய வருடக் காரையும்.

குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில் அக்காவும் தம்பியும் விரல் விறைக்கக் கட்டியது இந்த மூன்றாவது கார். இதுவும் போனால் ஆகஸ்ட் சாம்பியன்ஷிப்பை மறந்துவிட வேண்டியதுதான். நான்காவது கட்ட இருவருக்கும் தெம்பில்லை.

இதோ, ரைமோ வந்துவிட்டான். ஒரு கையில் காபி, மறு கையில் எழுதித் தயாராக வைத்திருந்த சீட்டு.

"என்ன தம்பி, கியர் பாக்ஸ் மாட்டினியா, காபிக்கொட்டை அரைக்கிற மிஷினை மாட்டினியா?"

கூட்டம் சிரித்தது.

தானெலி அக்காவை இன்ஜினை நிறுத்தச் சொல்லி, ஜன்னல் வழியே கைவிட்டு கியரைப் போட்டுப் பார்த்தான். ஒன்று, இரண்டு, மூன்று, ரிவர்ஸ். எல்லாம் சமர்த்தாக விழுந்தன.

இன்ஜினை ஓடவிட்டு, அக்கா கிளட்சை மிதிக்க, கியரைப் போட்டால்? மறுபடி கர்ர்ர்.

அப்படியானால் கியர் பாக்ஸில் கோளாறு இல்லை. கிளட்ச்தான் பிரியவில்லை. அவனுக்கு உயிர் வந்தது.

காரை ஜாக்கி மேல் ஏற்றி, அடியில் நுழைந்தான். கிளட்ச் பெடலை மிதித்தால் கேபிள் இழுக்கும், கேபிள் லீவரை நகர்த்தும். எங்கேயோ இழுவை விட்டுப்போகிறது. அவ்வளவுதான்.

"மிதி அக்கா."

லீவர் பாதிதான் நகர்ந்தது.

"முழுசா மிதி."

"முழுசாத்தான்டா மிதிக்கிறேன். இதுக்கு மேல மிதிச்சா கால் ரோட்டுல இருக்கும்."

கேபிள் நட்டை நாலு சுற்று இறுக்கினான். இப்போது முன்னைவிடக் குறைவாக நகர்ந்தது.

இது எப்படி? இறுக்கினால் கூடத்தானே வேண்டும்?

ரைமோவும் குனிந்து பார்த்தான். அவனும் பாதி ஆயுளைக் கார்களுக்கு அடியில் கழித்தவன். லீவர் போகிற லட்சணம் அவன் கண்ணிலும் பட்டது.

"உள்ளே கிளட்சைத் தள்ளுற ஃபோர்க் வளைஞ்சிருக்கு" என்றான் தானெலி. "பாக்ஸை இறக்கணும். என் தப்புதான். மாட்டும்போது பார்த்திருக்கணும்."

கண்ணில் விழுந்தது ஆயிலா, வேறு ஏதாவதா என்று தெரியவில்லை. துடைத்துக்கொண்டான்.

"சீட்டு போடலையா அண்ணே?" என்று மேலிருந்து ஹில்க்கா கேட்பது காதில் விழுந்தது. "போடுங்க. ஜெயிச்ச கார்."

"ஜெயிச்ச கார்தான். இதைத் தள்ளிட்டுப் போறது யாரு, உங்கப்பனா?"

அடியில் கிடந்தவனுக்கு ரைமோவின் பூட்ஸ் மட்டும் தெரிந்தது. அது தயங்கியது. திரும்பியது. அதன் பக்கத்தில் ஒரு சீட்டு இரண்டாகக் கிழிந்து புல்லில் விழுந்தது. அதன் பின்னால் வரிசையில் நின்ற மற்ற பூட்ஸ்களும் ஒவ்வொன்றாகக் கலைந்தன.

ஒலிபெருக்கி கரகரத்தது. விற்பனை நேரம் முடிந்தது, சிவப்புக் காருக்குச் சீட்டு எதுவும் விழவில்லை.

கார் போகவில்லை. ஆனால் இனி இது என்ன கார்? தானெலிக்கு வெளியே வர மனமில்லை.

"தானெலி, கீழதானே இருக்க?" அக்காவின் குரல் தணிந்திருந்தது. "லீவரைப் பாரு."

பார்த்தான்.

லீவர் நகர்ந்தது. பாதியைத் தாண்டியது. முக்காலைத் தாண்டியது. கடைசிவரை போய், அங்கேயே நின்றது.

லீவரைக் கையால் தொட்டுப் பார்த்தான்.

"அக்கா..."

"பெடலைப் பாதிதான் மிதிச்சேன். ரெண்டு தடவைதான் கடிக்க விட்டேன். பல்லுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. உன்கிட்ட முதல்லயே சொல்லலாம்னுதான் பார்த்தேன். உன் மூஞ்சிக்கு நடிக்க வராதேடா."

தானெலி வாயைப் பொத்திக்கொண்டான். அப்படியும் வயிறு குலுங்கியது.

"சிரிச்சது போதும். நீ இறுக்கின நாலு சுற்றைத் தளர்த்து. இப்படியே விட்டா ஆகஸ்ட்ல கிளட்ச் ஸ்லிப் ஆகி மானத்தை வாங்கும்."

தளர்த்தினான். வெளியே வந்து ஜாக்கியை இறக்கினான்.

ஹில்க்கா இன்ஜினைக் கிளப்பி, கையை கியர் மேல் வைத்தாள். ஒரு சத்தமும் இல்லை. சிவப்புக் கார் பின்னோக்கி வழுக்கிக்கொண்டே போய் டிரெய்லரில் ஏறியது.

எதிரே ரைமோ, வாயருகே கொண்டுபோன காபியைக் குடிக்க மறந்து நின்றான்.