ஒரே ஒரு புகார்

"வருஷம் பூரா வந்த புகார் இது ஒண்ணுதானா?"

மேனேஜர் கம்ப்யூட்டர் திரையை விரலால் தட்டினார். திரையில் ஒரே ஒரு வரி இருந்தது. 'கழிப்பறைக் குழாய் ஒழுகுகிறது.'

எதிரே நின்ற புரோகிராமர் திரையை எட்டிப் பார்த்தான். அட்டைப்பெட்டி செய்யும் அந்தக் கம்பெனியில் புகார்ப் பெட்டியை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தவன் அவன்தான். தொழிலாளி தன் போனில் குறையை எழுதினால் போதும். புரோகிராம் அதைக் கொண்டுபோய், எங்கோ வெளியூர் சர்வரில் இருக்கும் ஒரு ஃபைலில் சேர்த்துவிடும். உள்ளூரில் எவனும் கை வைக்க முடியாது என்பது முதலாளியின் யோசனை.

"சார்... புதுசா வர்றதைப் பழசுக்குக் கீழே சேர்க்கணும். நான் ஒரு கட்டளையை மாத்திப் போட்டுட்டேன். ஒவ்வொரு தடவையும் பழசை அழிச்சுட்டுப் புதுசை எழுதியிருக்கு. கடைசியா வந்தது மட்டும்தான் மிச்சம்."

"மத்ததெல்லாம்?"

"போச்சு சார்."

மேனேஜர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"நாளைக்கு முதலாளி வந்து படிக்கப் போறார். எத்தனை பேரோட கண்ணீர் தெரியுமாய்யா அது? தினமும் காலையில அதைப் படிச்சுட்டுத்தான் நான் காபியே குடிப்பேன்."

தினமும் படித்தவர் கண்ணுக்கு, ஒரு வரிக்கு மேல் அதில் என்றைக்குமே இருந்ததில்லை என்பது மட்டும் எப்படியோ தப்பிவிட்டது. கேட்டுவிடலாம் என்று அவனுக்கு வாய் துறுதுறுத்தது. வீட்டில் மனைவி நிறைமாதம். மூடிக்கொண்டான்.

"இன்னையோட உன் சீட்டு கிழிஞ்சுது. கிளம்பு."

கிளம்பியவன் கதவருகே திரும்பினான்.

"ஒரு வழி இருக்கு சார். சர்வர்காரங்க எல்லாத்துக்கும் நகல் எடுத்து வெச்சிருக்காங்க. கேட்டா அத்தனை புகாரையும் முதலாளிக்கே நேரா அனுப்பிடுவாங்க. யார் யாரைப் பத்தி எழுதினாங்கன்னு ஒண்ணு விடாம."

மேனேஜர் உட்கார்ந்துவிட்டார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவருக்கு நெற்றியே வேர்த்தது.

"என்னைப் பத்தியும் இருக்குமா?"

"நான் படிச்சதில்ல சார். நீங்கதானே தினமும் படிக்கறீங்க."

மேனேஜர் தண்ணீர் குடித்தார். மறுபடி திரையைப் பார்த்தார். பிறகு பேசியபோது குரலில் தேன் வழிந்தது.

"யோசிச்சுப் பார்த்தா, வருஷத்துக்கு ஒரே ஒரு புகார்ங்கறது கம்பெனிக்குப் பெருமைதானே தம்பி? பழசைக் கிளறி யாருக்கு என்ன லாபம்? ஏன் நிக்கறே, உட்காருப்பா."

அவன் வெளியே வந்தபோது முகம் பளிச்சென்று இருந்தது. அட்டை வெட்டும் பிரிவு அக்கா இருமிக்கொண்டே வந்து வழிமறித்தாள்.

"உன்னை வேலையை விட்டுத் தூக்கிட்டார்னு சொன்னாங்களே?"

"தூக்கத்தான் பார்த்தார்க்கா. எல்லாத்துக்கும் நகல் இருக்குன்னு ஒரு பொய்யை எடுத்து விட்டேன். நகலும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. ஆடிப் போயிட்டார். இப்போ எனக்குப் புரமோஷன்."

அக்கா சிரித்த சிரிப்பு பாதியிலேயே இருமலாகிவிட்டது. மூச்சு வாங்க நின்று, அவன் தோளில் தட்டிக் கொடுத்தாள்.

"கெட்டிக்காரன்டா நீ. அந்த ஆளுக்கு இப்படி ஒருத்தன்தான் வேணும். எங்க பக்கம் தூசியை இழுக்கற ஃபேன் ஓடலைன்னு நானும் எத்தனையோ தரம் எழுதினேன். அதுவும் போயிருக்கும். போனாப் போகுது, இன்னைக்கு மறுபடி எழுதிடறேன். புரோகிராமைச் சரி பண்ணிட்டேல்ல?"

அவன் தன் செருப்பைப் பார்த்தபடி சொன்னான்.

"அதைத் தொடக் கூடாதுன்னு சொல்லித்தான்க்கா புரமோஷனே குடுத்திருக்கார்."