வெளியேறாதவர்

டாக்டர்மார் பேச்சை நம்புகிறவர் இல்லை செல்லக்கண்ணு. ஆனால் ஒரு கண் ஏற்கெனவே போய்விட்டது. மற்றதில் ஆபரேஷன் முடிந்து, ஒரு மாதம் போனைத் தொடக் கூடாது என்றார்கள். பீரோவில் வைத்துப் பூட்டினாலும் கை தானாகச் சாவியைத் தேடியது. பழைய லாரி டிரைவர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவர் இல்லாமல் ஒரு சண்டையும் நடந்ததில்லை. குழுவைத் தொடங்கிய காதரைக் கூப்பிட்டார்.

"என்னைத் தூக்கி வெளிய போடுறா."

"நீங்களே போலாம்ணே. கீழ பட்டன் இருக்கு."

"'வெளியேறினார்'னு என் பேர் போட்டு வரும். குழுவுல எங்கூட மல்லுக்கட்டுற முனியாண்டி சிரிப்பான். பாலத்துல எதிர வண்டி வந்தாக்கூட நான் ரிவர்ஸ் எடுத்ததில்லடா. நீ தள்ளு."

"உங்களத் தள்ள எனக்குக் கை வராதுண்ணே. வேணும்னா உங்களயும் அட்மின் ஆக்குறேன், என்னமும் பண்ணிக்குங்க."

அட்மின் ஆனதும் நெஞ்சு நிமிர்ந்தது. ஆனால் தன்னைத் தானே தள்ளிக்கொள்ள அதில் வழியில்லை. மற்றவர்களைத் தள்ளத்தான் இருந்தது. வழிந்த கண்ணைத் துடைத்துக்கொண்டு முனியாண்டியில் ஆரம்பித்தார். சாயங்காலத்துக்குள் குழுவே காலி. அவர் ஓடிப்போனதாக இனி எவனும் சொல்ல முடியாது. தொடங்கியவனை மட்டும் தள்ள முடியாதாம், காதர் மிச்சம்.

போனை அணைக்கப் போனபோது திரையில் எழுத்து வந்து விழுந்தது.

"சாப்டீங்களாண்ணே?"

செல்லக்கண்ணு கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, பதில் எழுத உட்கார்ந்தார்.