கடைசி வாடிக்கை

"மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காதேங்கோ. உங்க குழந்தைசாமி இங்க எங்க வரப்போறார்?"

சியாமளா வண்டியைத் தள்ளிக்கொண்டு முன்னால் போய்விட்டாள். ஜகந்நாதனுக்குக் கால் எழவில்லை. நொய்டாவையும் தாண்டி, வயல்களுக்கு நடுவே பரந்து கிடந்தது அந்த ராட்சதக் கடை. அவர்கள் குடியிருக்கும் மயூர் விஹாரில் பாதிப் பேரை இங்கேதான் பார்க்கலாம் போலிருந்தது.

இது திறந்த இரண்டு வருஷத்தில், அவர்கள் காலனி மார்க்கெட்டில் மூன்று கடைகளை மூடியாகிவிட்டது. மிஞ்சியது குழந்தைசாமியின் மளிகைக் கடை. அங்கேயும் ஈதான் ஓட்டிக்கொண்டிருந்தார் மனுஷன். நாமும் போகாவிட்டால் இவரும் மூடிவிடுவார் என்ற பயத்தில், உப்பு முதல் பெருங்காயம் வரை ஜகந்நாதன் அவரிடமேதான் வாங்கினார். இதற்காக வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல.

"எதைக் கேட்டாலும் நாளைக்கு வாங்கங்கறார். எனக்கு அலுத்துப் போச்சு" என்றாள் சியாமளா.

"அலையறது நான்தானே? உனக்கென்ன?"

இட்லி அரிசி வரிசையில் திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார். எதிரே குழந்தைசாமி, வண்டி நிறையச் சாமானோடு.

ஜகந்நாதனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "தப்பா நெனச்சுக்காதீங்க. இவதான் பிடிவாதமா..." என்று ஆரம்பித்தவர், சட்டென்று நிறுத்தினார். "ஆமா, நீங்களுமா இங்க?"

சியாமளா அந்த வண்டியை எட்டிப் பார்த்தாள். "ஏன்னா, இதெல்லாம் நேத்து நான் எழுதிக் குடுத்த லிஸ்ட்."

குழந்தைசாமி கோபப்படவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல நிமிர்ந்தார்.

"கம்பெனி வண்டி நம்ம கடைக்கு வந்து ஒரு வருசமாச்சுங்க சார். ஒரே ஒரு ஆளுக்காக அவன் வருவானுங்களா? உங்க சாமானெல்லாம் இங்கிருந்துதானுங்க வருது. மெட்ரோ புடிச்சு, ஆட்டோ மாறித் தூக்கிட்டு வர்றேன்."

ஜகந்நாதன் அந்த வண்டியை எட்டிப் பிடித்துக்கொண்டார். "எனக்காகவா இவ்வளவு கஷ்டம்?"

"நம்பி வர்ற மனுசன் மூஞ்சியப் பாத்து, கடைய மூடறேன்னு எப்படிங்க சொல்றது?" குழந்தைசாமி கிட்டே வந்து, குரலைத் தாழ்த்தினார். "இனிமே இங்கயே வாங்கிக்கறேன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க சார். நாளைக்கே சாத்திப்போட்டு நிம்மதியாத் தூங்குவனுங்க."