நான்காவது தட்டு

"எங்க அண்ணனை மட்டும் ஏன் கூப்பிடாம போனீங்க?"

யெல்லேயின் அடக்கத்தன்று அவன் குட்டித் தங்கை, அவனுடைய தோழி ஃபெம்கேவிடம் கேட்டாள். ஃபெம்கேயும் இன்னும் இரண்டு நண்பர்களும் அவனிடம் மறைத்து ஸ்பெயினின் கிரனாடாவுக்குப் போயிருந்த சனிக்கிழமைதான் அவன் விடுதியறையில் தனியாக இறந்துபோனான்.

மறுவருடமும் மூவரும் கிரனாடாவில் முன்பு போன அதே பாருக்குப் போனார்கள். ஒரு கோப்பை மதுவுக்கு ஒரு தட்டு ஆலிவ் காய் இலவசம். மூன்று கோப்பைக்கு நான்கு தட்டு வந்தது.

"நாங்க மூணு பேருதாங்க," என்றாள் ஃபெம்கே.

"போன வருசமும் நாலுதாம்மா வெச்சேன். அப்பவும் இதையேதான் சொன்னீங்க," என்றார் பரிமாறுபவர்.

மூவரில் ஒருவனான யோரிஸ் ஃபெம்கேவைப் பார்த்துச் சிரித்தான். "அன்னிக்கு அதையும் நீதானடி தின்னே!"

மறுநாள் கடை திறந்ததும் ஃபெம்கே தனியாக வந்து இரண்டு கோப்பை வாங்கினாள். எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"வாடா யெல்லே, சாப்பிடு."

சிலுவை போட்டுக் கண்மூடி ஜெபித்தாள். கண் திறந்தபோது எதிர்த்தட்டில் ஈரம் காயாத ஆலிவ் கொட்டைகள் மட்டும் கிடந்தன.