மதர்போர்டின் சூடு

துறைமுகத்தில் மீன் கண்டெய்னர்களின் குளிரை நோட்டில் குறிப்பது நெல்சனின் வேலை. எண் இறங்கினால் அவனுக்கு நிம்மதி.

விம்கோ நகர் வீட்டில் அவன் கம்ப்யூட்டரை அளவுக்கு மீறிய வேகத்தில் ஓட்ட ஓவர்கிளாக் செய்தபோது, பிராசஸர் எண்பது டிகிரியைத் தொட்டும் மதர்போர்டு முப்பத்தேழிலேயே நின்றது. அவனுக்குக் காய்ச்சல் வந்த அன்று, அவன் வாயில் வைத்த தெர்மாமீட்டரைப் போலவே அதுவும் முப்பத்தொன்பது காட்டியது. மாத்திரை போட்டதும் இறங்கிவிட்டது.

ஞாயிறு மத்தியானம் வேகத்தை இன்னும் கூட்டினான். மதர்போர்டு பதினெட்டு காட்டியது.

"பாத்தியா மெர்லின், இந்த வெயில்ல போர்டு ஜில்லுனு கீது! நம்ம செட்டிங் அப்டி."

டீ கொடுத்த மனைவி, அவன் விரல் பட்டதும் கையை இழுத்துக்கொண்டாள்.

"இன்னாய்யா, ஐஸ்ல கை வச்சியா?"

"எனக்கின்னா? ஜம்முனு கீறேன்."

சிரித்தபடியே திரையில் இறங்கிய எண்ணைப் பார்த்து நோட்டில் எழுதினான்: பதினேழு, ஓகே.